போட்டோவில் இல்லாத ரைட் ஹாஃப்

அன்புள்ள மகனுக்கு என்றுதான் தொடங்க வேண்டும் என்று உன் தங்கச்சி சொல்கிறாள். அன்பு இருக்கிறது, அது எங்கேயும் போய்விடாது. ஆனால் இன்றைக்கு என் வாயில் முதலில் வருவது கோபம்தான், அதனால் அதையே முதலில் எழுதச் சொன்னேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்ளட்டும், கோபத்தை மட்டும் குறைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். சுடலைமுத்துவை நான் வாழ்நாள் முழுக்க அவன், இவன் என்றே பேசிவிட்டேன். இந்தக் கடிதத்தில் அவர் என்றுதான் எழுத வேண்டும், நான் பழக்கத்தில் மாற்றிச் சொன்னாலும்.

நம் ஊர் ஹாக்கி கிளப்புக்கு ஐம்பது வருடம் ஆகிறது என்று தை மாதம் விழா வைத்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு விழா மலர் போடுகிறீர்கள். ‘கிளப்பின் வரலாறு’ என்ற முதல் கட்டுரையை நீ ஹாலந்தில் இருந்துகொண்டே எழுதி இவள் போனுக்கு அனுப்பினாய். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் இவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். நம் ஊரில் ஹாக்கியை விதைத்தவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியாம். வெறும் காடாகக் கிடந்த நிலத்தைத் தரமான மைதானமாக்கித் தந்தவரும் அவராம். முதல் அணியின் ரைட் ஹாஃப் அவருடைய கணக்கப்பிள்ளையின் மருமகனாம். கடைசியில் ஒரு வரி: ‘மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து உதவிய தொழிலாளி ஒருவரையும் இவ்வேளையில் நினைவுகூர்கிறோம்.’ ஒருவர். அந்த ஒருவருக்குப் பெயர் இல்லை, தெரு இல்லை. அவர் இன்னும் உயிரோடு புதூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்பதும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே உன்னைப் போனில் பிடித்தேன். நாம் பேசியதை நீ மறந்திருப்பாய். எனக்கு ஒரு சொல்லும் மறக்காது, எழுதி வைத்துக்கொள்ள முடியாதவனுக்கு மறதி கட்டுப்படியாகாது.

“ஏலே, சுடலை பேரு எங்க?” என்று கேட்டேன்.

“அப்பா, அவரைப் பத்தி ஒரு வரி போட்டிருக்கேம்லா.”

“பேரு எங்கன்னு கேக்கேன்.”

“பேரைப் போட்டா, அவரு ஏன் டீம் போட்டோவுல இல்லேன்னு கேப்பாங்கப்பா. முதலாளி பேரன்தான் கேலரி கட்டித் தாராரு. கிரவுண்டு வாசல் கேட்டுல அவங்க தாத்தா பேருதான் வரப்போகுது. இந்த நேரத்துல எதுக்குப் பழசக் கிளறிக்கிட்டு? விழா நல்லபடியா முடியட்டும்.”

தெரியாமல் எழுதியிருந்தால் உன்னைத் திட்டியிருக்க மாட்டேன், உட்கார வைத்துச் சொல்லியிருப்பேன். நீ தெரிந்தே எழுதியிருக்கிறாய். போட்டோவில் அவர் ஏன் இல்லை என்று ஆட்கள் கேட்பார்கள் என்றால், அதற்கு ஒரு பதில் இருக்கிறது என்பது, ஊரில் யார் சொல்லியோ, உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பதிலை மறைக்கத்தான் ஒரு மனிதனை ‘ஒருவர்’ ஆக்கியிருக்கிறாய்.

போன வருடம் நீயேதான் எனக்கு வேறொரு கிளப்பின் கதையைச் சொன்னாய். நீ இருக்கும் ஊரில் என் பேரன் விளையாடுகிற ஃபுட்பால் கிளப். சம்பளம் வாங்காத ஆட்கள் சேர்ந்து நடத்துவது. ஞாயிற்றுக்கிழமை கோடு போடுகிறவரும் டீ ஊற்றுகிறவரும் அந்த ஊர்க்காரர்களே, நீயும் அங்கே டீ ஊற்றியிருக்கிறாய். அந்தக் கிளப்புக்கு நூறு வருடம் ஆனபோது ஒரு புத்தகம் போட்டார்கள், அதை நீ ராத்திரியும் பகலுமாக வாசித்துவிட்டு எனக்குச் சொன்னாய். முதல் பக்கத்தில் இருப்பது ஒரு பால்காரர். அவருடைய மாடு மேயும் புல்வெளியில்தான் முதல் ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் மாடுகளை விரட்டிவிட்டு, சாணியை மண்வெட்டியால் வழித்துப் போட்டவர் அவர். அடுத்த பக்கத்தில் பனியன் துவைத்துப்போட்ட ஒரு அம்மா. பேரும் படமும் போட்டிருக்கிறார்கள் அப்பா என்று சொல்லும்போதே நீ அழுதுவிட்டாய். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் செய்தது. யுத்த காலத்தில் அந்தக் கிளப் யூதர்கள் உள்ளே வரக் கூடாது என்று பலகை மாட்டியதாம். கூடவே ஆடிய இரண்டு பேரை வெளியே நிறுத்தியதாம். அவர்கள் திரும்பி வரவேயில்லையாம். அதையும் எழுதியிருக்கிறார்கள், யார் பலகையை மாட்டினார்கள் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள் என்றாய். “அதை எழுதுனதுதான் அப்பா அந்தப் புத்தகத்துலயே பெருசு” என்றாய். அந்த நாட்டுக்காரன் தன் அசிங்கத்தை எழுதினால் பெரிது. நம் ஊர் அசிங்கத்தை எழுதினால் மட்டும் பழசைக் கிளறுவதா? எந்த ஊர் நியாயமடா இது?

சரி, வரலாறு எழுத ஆசைப்பட்டாய் அல்லவா, கேட்டுக்கொள்.

எங்களுக்கு ஹாக்கி கோவில்பட்டியில் இருந்து வந்தது. அங்கே டோர்னமென்ட் நடக்கும்போது தீப்பெட்டி ஆபீசில் ஷிப்ட் முடித்துவிட்டு சைக்கிளில் போய் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். திரும்பி வந்து உடைமரத்தில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டி, தணலில் வாட்டி ஸ்டிக் செய்துகொண்டோம். ஆட இடம் மட்டும்தான் இல்லை. கரிசலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் காலோடு பிடித்துக்கொள்ளும், பத்து அடி நடந்தால் காலில் ஒரு கட்டி மண் தொங்கும். பங்குனி, சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துப் பிளந்துவிடும். கோலுக்குப் போகிற பந்து பாதி வழியில் வெடிப்புக்குள் விழுந்துவிடும். அப்புறம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் குச்சியை விட்டுத் தோண்ட வேண்டும். நாங்கள் எங்கள் மூளைக்குத் தோன்றியதைச் செய்தோம். குருமலைப் பக்கமிருந்து வண்டி வண்டியாகச் செம்மண் கொண்டுவந்து கரிசல் மேலேயே கொட்டிப் பரப்பினோம். புதுப் பாய் விரித்த மாதிரி இருந்தது. ஊரே வந்து பார்த்தது. ஐப்பசியில் முதல் மழை விழுந்தது. அடியில் இருந்த கரிசல் ஊறி உப்பி, செம்மண்ணைத் தூக்கி, இரண்டும் சேர்ந்து களி கிண்டின மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பக்கம் போன எருமை ஒன்று சிக்கிக்கொண்டு, அதைக் கயிறு போட்டு இழுத்தோம்.

அப்போது வேலி ஓரத்தில் நின்று சிரித்தவர்தான் சுடலைமுத்து. கீழத்தெருக்காரர். கிணறு வெட்டுவது அவருக்கு வேலை. என் வயதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில், “என்னடே இளிக்க? உனக்குத் தெரியுமா கிரவுண்டு போட?” என்று கேட்டேன்.

“கிரவுண்டு போடத் தெரியாது. கரிசலைத் தெரியும்” என்றார். “அது மூச்சு விடுத மண்ணு. வெயில்ல உள்ள இழுக்கும், மழையில வெளிய விடும். நீங்க அது மூஞ்சியில பாயப் போட்டு அமுக்குனா, தூக்கி எறியாம என்ன செய்யும்? மேல ஒரு சாண் வெட்டி எடுத்துட்டு, சுக்காங்கல்லும் சரளையும் போடுங்க. அது பாட்டுக்கு அடியில மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்கும்.”

“அவ்வளவு சரளைக்கு எங்க போக?”

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றார்.

கிணறு வெட்டும்போது கரிசலுக்குக் கீழே சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல், அதற்குக் கீழே சரளை வரும். மேலே கொண்டுவந்து குவிப்பார்கள். அந்தக் குவியல் விவசாயிக்குத் தொல்லை, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். சுடலைமுத்து எந்த ஊரில் கிணறு வெட்டினாலும் அந்தக் குவியலை எங்களுக்குக் கேட்டு வாங்கினார். இடைசெவல் பக்கத்துக் கிணறு, விளாத்திகுளம் பக்கத்துக் கிணறு, தண்ணீர் வந்த கிணறு, வராத கிணறு எல்லாவற்றின் வயிற்றிலும் இருந்தது நம் கிரவுண்டில் கிடக்கிறது. இரண்டு கோடை வேலை. வெட்டி எடுத்த கரிசலை விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் சண்டை போட்டுக்கொண்டு தங்கள் காட்டுக்கு அள்ளிப் போனார்கள். சுற்றிலும் வாய்க்கால் எடுக்கச் சொன்னதும் அவர்தான். மூன்றாவது ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. விட்ட மறுநாள் சாயங்காலம் ஆடினோம். சுற்றுப்பட்டி முழுக்க மற்ற கிரவுண்டெல்லாம் சகதியாகக் கிடந்தபோது நம் கிரவுண்டில் பந்து ஓடியது. இதில் முதலாளி எங்கே வருகிறார் என்று நீ காட்டு. அவர் கெட்டவர் இல்லை. ஒரு தடவை பனியன் எடுத்துக் கொடுத்தார், ஒரு தடவை காரில் வந்து உட்கார்ந்தார். அதை அப்படியே எழுது, அவருக்கும் மரியாதை.

கிரவுண்டு போட்டவர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உள்ளே ஆடினார். ரைட் ஹாஃப், வலது பக்கமாக வருகிற எதிராளியை மறிக்கிற இடம். கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு வேலை செய்த உடம்பு, குனிந்தால் குனிந்தபடியே ஒரு மணி நேரம் ஓடுவார். விளாத்திகுளத்தில் நாங்கள் ஷீல்டு அடித்த ஆட்டத்தில் எதிர் டீமின் லெஃப்ட் அவுட் மின்னல் மாதிரி ஓடுகிற பையன், அவனால்தான் அவர்கள் ஃபைனலுக்கே வந்திருந்தார்கள். சுடலைமுத்து அவனை ஒரு தடவைகூடத் தாண்டவிடவில்லை. கடைசியில் அந்தப் பையன், “அண்ணாச்சி, கொஞ்சம் அந்தப் பக்கமும் போயிட்டு வாங்களேன்” என்று கெஞ்சினான். கிரவுண்டே சிரித்தது. ஒரே கோல், அதுவும் அவர் பிடுங்கிக் கொடுத்த பந்தில் நான் அடித்தது. நான்தான் கேப்டன்.

இனி சொல்வதை உன் தங்கச்சியும் இப்போதுதான் கேட்கிறாள்.

ஷீல்டோடு போட்டோ எடுக்கக் கோவில்பட்டியில் இருந்து ஆள் வந்தார். முதலாளி காரில் வந்தார். நடுவில் நாற்காலி போட்டோம். ஊரே கூடி நின்றது. சுடலைமுத்து துவைத்த பனியன் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி வந்திருந்தார். போட்டோ பிடிக்கிறவர் கேமராப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, “புழுதி பறக்குதே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்தப் போட்டோவை முதலாளி ஆபீசில் மாட்டப்போகிறார்கள், யாராவது இது எந்தத் தெரு ஆள் என்று கேட்டால் முதலாளிக்கு ஒரு மாதிரி இருக்குமே என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரும் கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னவன் உன் அப்பன். “ஏலே சுடலை, பனியனக் கழத்தி வச்சிட்டு வாளிய எடு. அந்தப் பக்கமாத் தண்ணி தெளி” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேனோ என்று பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் பனியனைக் கழற்றி, நான்காக மடித்து, பெஞ்சில் வைத்துவிட்டு வாளியை எடுத்தார். ஓர் இடம் காலியாக இருந்தது. கணக்கப்பிள்ளையின் மருமகன் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான், போட்டோவில் நன்றாகப் பார். நீ ரைட் ஹாஃப் என்று எழுதியிருப்பது அவனைத்தான்.

அடுத்த மாதம் எனக்கு மேஸ்திரி வேலை போட்டார்கள். எழுத்து தெரியாதவனுக்கு மேஸ்திரி வேலை. முதலாளிக்கு என்னைப் பிடித்துப்போயிற்று என்று ஊரில் சொன்னார்கள். ஏன் பிடித்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. நீ கோவில்பட்டிக்குப் பள்ளிக்கூடம் போனது, இன்ஜினியரிங் படித்தது, விமானம் ஏறியது எல்லாம் அந்த மேஸ்திரி வேலையில் வந்தது. ஐந்தாவது படிக்கும்போது நீ இந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, “கிரவுண்டுல நிப்பாரே, சுடலை மாமா, அவரு எங்கப்பா?” என்று கேட்டாய். “அவன் தண்ணி தெளிக்கிற ஆளு” என்றேன். நான் சொன்ன பொய்தான் இன்றைக்கு உன் கட்டுரையில் கடைசி வரியாக நிற்கிறது. அதனால் உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேல்தான். ஆனால் மீதிப் பாதி உனக்கே உனக்கு, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் செய்தது மேஸ்திரி ஆவதற்கு முன்னால், வயிற்றுக்காகப் பயந்து. நீ யாருக்குப் பயந்து செய்தாய்? உனக்கு அங்கே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, முதலாளியின் பேரனால் உன்னை என்ன செய்துவிட முடியும்?

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் புதூருக்குப் போனேன். சுடலைமுத்துவின் மகள் வீட்டு வாசலில் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது, குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறார்.

“வாங்க கேப்டன்” என்றார். “பஸ்சுல ஏறுத அளவுக்கு முட்டு இன்னும் நல்லா இருக்கா?”

இத்தனை வயதிலும் அவர் என்னை ‘வாங்க’ என்றுதான் சொல்கிறார். நான் விஷயத்தைச் சொன்னேன். விழா, மலர், உன் கட்டுரை எல்லாம் சொன்னேன். மேடைக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.

“மேடையில ஏத்தி துண்டு போடுவீங்க. அதுக்கு எதுக்கு நான் அவ்வளவு தூரம் வரணும்? துண்டு இங்கனயும் கெடக்கு.”

“அப்பம் உன் பேரையாவது போடச் சொல்லுதேன்.”

“போடுங்க, போடாமப் போங்க. நான் என்ன வாசிக்கவா போறேன்?” என்றவர் கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு, “எப்படிப் போட்டிருக்கான் உங்க மவன்?” என்று கேட்டார்.

தண்ணீர் தெளித்தவர் என்று போட்டிருக்கிறான் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவர் முகம் இறுகிவிட்டது. அந்தப் போட்டோ எடுத்த அன்றைக்குக்கூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை, நான்தான் திரும்பிக்கொண்டேனே. “தண்ணி தெளிச்சது ஒரு நாளு, கேப்டன்” என்றார். “ஆடுனது ஒம்பது வருசம். நான் ரைட் ஹாஃப்லா. அத என் பேரப்பிள்ளையள்ட்டச் சொன்னா, போட்டோவக் காட்டு தாத்தாங்குது. நான் என்னத்தக் காட்ட?”

நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கசந்தாலும் கேள். நல்லவனாக இருப்பது தூரத்து ஊரில் சுலபம். யூதன் யார் என்று உனக்கும் தெரியாது, பலகை மாட்டியவன் உன் மாமனும் இல்லை மச்சானும் இல்லை. அதனால்தான் உன்னால் அங்கே அழ முடிந்தது. இங்கே பலகை மாட்டியவன் உன் அப்பன். இங்கே அழுதால் உன் வீட்டுக் கூரை ஒழுகும். அங்கே போய் ஊற்றுகிற டீயைவிட இங்கே எழுத வேண்டிய ஒரு வரிதான் உனக்குப் பெரிய வேலை. என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து நீ எழுதியிருந்தால், உன்னிடம் அதை நான் கேட்கவில்லை.

நேற்று அச்சாபீசுக்குப் போய், முதல் கட்டுரை மாறுகிறது, நான் சொல்லும்வரை ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அட்டைக்கு வேண்டிய போட்டோ என்னிடம்தான் இருக்கிறது, அதனால் சரி என்றார்கள். ரைட் ஹாஃப் என்று இருக்கிற பெயரை எடு. முதலாளிக்கு உள்ளதை எழுது. போட்டோவுக்குக் கீழே நான் சொல்கிற இந்த வரிகளை ஓர் எழுத்து மாற்றாமல் போடு: ‘இந்த மைதானத்தை உண்டாக்கியவர் கீழத்தெரு சுடலைமுத்து. இந்த அணியின் ரைட் ஹாஃப் அவர்தான். படம் எடுத்த அன்று அவர் வந்திருந்தார். பனியனைக் கழற்றச் சொல்லி அவரை வெளியே அனுப்பியவன் கேப்டனாகிய நான். என்னை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.’ அதற்கு அடியில் என் பெயரைப் போடு. அச்சானதும் முதல் புத்தகத்தை நானே புதூருக்குக் கொண்டுபோவேன். அவருடைய பேரப்பிள்ளைகள் அவருக்கு வாசித்துக் காட்டட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரைதான் பொறுப்பேன். நீ எழுதவில்லை என்றால் உன் கட்டுரை வேண்டாம், இந்தக் கடிதத்தையே முதல் கட்டுரையாகக் கொடுத்துவிடுவேன்.

உன் தங்கச்சி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். “இத ஊரே வாசிக்குமேப்பா” என்கிறாள். அவளுக்குச் சொன்ன பதிலையும் எழுதச் சொன்னேன், உனக்கும் அதுதான் பதில்: “வாசிக்கட்டும் தாயி. அன்னைக்கு நான் செஞ்சத ஊரே நின்னு பாத்துச்சுலா.”